என் அரசியலும் அடுத்த வீடும்

சென்ற மாதம் தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். என்னுடைய ஐந்து நாவல்களையும் வரிசையாகப் படித்தாராம். "முதல் நாவலில் நீங்கள் எந்தப் பக்கம் என்பது பளிச்சென்று தெரிந்தது. அதற்குப் பிறகு எழுதிய நான்கிலும் அது மறைந்துவிட்டது. எல்லாக் கட்சிக்காரர்களும் வருகிறார்கள், நியாயம் பேசுகிறார்கள், போகிறார்கள். ஆசிரியர் மட்டும் அகப்படவில்லை. இது பக்குவமா, பயமா?" என்று கேட்டிருந்தார்.

கேள்வி குத்தத்தான் செய்தது. இரண்டு நாள் அந்தக் கடிதத்தை மேஜை மேல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பதிலை ஒரு கார்டில் அடக்க முடியாது என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் எந்தக் கட்சியிலும் அங்கத்தினன் அல்ல. ஓட்டுரிமை வந்த நாளிலிருந்து மூன்று கட்சிகளுக்கு மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன்; ஒரு தடவைகூடப் போட்ட பிறகு முழுத் திருப்தியோடு வீடு திரும்பியதில்லை. சுவாமி உண்டு என்று நம்புகிறவன். பிறப்பினால் ஒருவனுக்கு எந்தக் காரியத்திலும், கோயில் பூஜை உட்பட, தனி உரிமை வந்துவிடாது என்றும் நம்புகிறவன். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சர்க்கார் கையில் இருக்க வேண்டும். கோயில் கணக்கைச் சர்க்கார் பார்க்கலாம்; பூஜையை எப்படிச் செய்வது என்று சர்க்கார் சொல்லக்கூடாது. (பூஜையைப் பற்றி நான் சொன்ன இரண்டு அபிப்பிராயங்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் எனக்குப் பல தடவை காட்டியிருக்கிறார்.) நாத்திகம் பேசுகிறவனுடைய உரிமை, உபன்யாசம் செய்கிறவனுடைய உரிமைக்கு ஒரு மாற்றும் குறைந்ததல்ல. இட ஒதுக்கீடு நியாயம் என்று நினைக்கிறேன். நான் ஆசைப்பட்ட படிப்பு எனக்குக் கிடைக்காமல் போன வருஷம் அப்படி நினைக்கவில்லை.

ஆயிற்று. என் அரசியல் ஒரு பாராவில் முடிந்துவிட்டது. யாருடைய அரசியலும் ஒரு பாராவுக்கு மேல் நீளாது என்றுதான் நினைக்கிறேன். கஷ்டம் அதற்குப் பிறகு வருவது.

நான் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். வெளியூர்க்காரர்கள் எங்கள் வீதியைப் பற்றிப் பேசும்போது அங்கே எல்லாரும் ஒரே மாதிரி நினைப்பவர்கள் என்று வைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு மேற்கே இருந்தவர் கோயில் கைங்கர்யக் குடும்பம். எதிர் வரிசையில் குடியிருந்தவர் பொன்மலை ரெயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பழுத்த கம்யூனிஸ்டு. 1946 செப்டம்பர் 5-ந் தேதி பொன்மலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகள் மேல் போலீஸ் சுட்டு ஐந்து பேர் செத்தார்கள். அன்று இவருடைய தகப்பனார் அந்தச் சங்கத் திடலில் இருந்தவர். வருஷா வருஷம் அந்தத் தேதியில் இவர் குளித்து, வெள்ளை வேஷ்டி உடுத்தி, பஸ் ஏறிப் பொன்மலைக்குப் போய்விட்டு வருவார். போகிற தோரணையைப் பார்த்தால் சிராத்தத்துக்குப் போகிறவர் மாதிரி இருக்கும். ஒரு தடவை அதைச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசவில்லை.

காந்தி ரோடு பக்கம் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்தவர் பெரியார் தொண்டர். எங்கள் வீதிக்கெல்லாம் மோட்டார், மின்விசிறி ரிப்பேர் அவர்தான். 1956-ல் திருச்சியில் நடந்த தி.மு.க. மாநாட்டில், தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்று வந்திருந்தவர்களிடமே பெட்டி வைத்து ஓட்டு வாங்கினார்கள் அல்லவா? நிற்கலாம் என்றுதான் ஏகப்பட்ட பேர் போட்டார்கள். இவருடைய தகப்பனார் வேண்டாம் என்று போட்ட சிறுபான்மையில் ஒருவராம். "எங்க அப்பா பெரியாரோடயே நின்னுட்டாரு" என்பார். மகனுக்கும் அதே பிடிவாதம்.

இத்தனை பேருக்கு நடுவில் நான் என்னைப் பெரிய நடுநிலைக்காரனாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் 2006 டிசம்பர் வந்தது.

கோயிலின் தெற்கு ராஜகோபுரம், 13 நிலை, 236 அடி, தலைமுறை தலைமுறையாக மொட்டையாக நின்று 1987-ல் தான் பூர்த்தியாயிற்று. அதற்கு எதிரே பெரியார் சிலை வைக்க எழுபதுகளிலேயே இடம் ஒதுக்கியிருந்தார்கள். சிலை எழும்பியது 2006 டிசம்பரில். திறப்பதற்கு முன்பே 7-ந் தேதி அதை உடைத்தார்கள். சில நாளில் வேறு சிலை வந்தது; இன்றும் நிற்கிறது. அந்த இரண்டு வாரமும் ஊரில் எங்கே திரும்பினாலும் போலீஸ்.

பக்கத்து வீட்டு மாமாவுக்கு அது தாங்க முடியாத அவமானம். "ஊர்ல இத்தனை இடம் இருக்கு. எங்காத்து வாசலுக்கு நேரேதான் வைக்கணுமா? இதுக்குப் பேர் கருத்தா, வம்பா?" என்று கேட்டார். கடைக்காரர் வேறு மாதிரி சொன்னார்: "தம்பி, வேற எங்கே வெச்சாலும் அது வெறும் சிலை. இங்கே வெச்சாத்தான் கேள்வி." பொன்மலைக்காரர் இரண்டு பேரையும் கேலி செய்துவிட்டு, அரிசி விலையைப் பற்றி யாருக்காவது கவலை உண்டா என்றார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சிலை நிற்க உரிமை உண்டு, உடைத்தது அயோக்கியத்தனம் என்று நினைத்தேன். இன்றும் அதில் மாற்றமில்லை. ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: இந்த முகத்தை ஒரு நாவலில் போட வேண்டும்.

போட்டேன். 2011-ல் புத்தகம் வந்தது. ஸ்ரீரங்கம் தொகுதி ஜெயலலிதாவைத் தேர்ந்தெடுத்து முதலமைச்சராக அனுப்பிய அதே வருஷம். எங்கள் ஊரில் அரசியல் பேசாதவர்களே கிடையாது என்ற நிலைமையில், என் நாவலும் கொஞ்சம் பேசப்பட்டது. அதில் வைதிகர் ஒருவர் வருகிறார். கோயிலில் உரிமை, வீட்டில் கொடுமை. அவருடைய பிள்ளையைப் பார்க்கக் காலேஜ் சிநேகிதன் ஒருவன் வருவான். அவனுக்கு உள்ளே இடமில்லை. திண்ணையில் உட்கார வைத்து, அதற்கென்றே மாடத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் ஒரு டம்ளரில் காப்பி கொடுப்பார்கள். அவன் குடித்துவிட்டுத் தானே எழுந்து போய்க் குழாயடியில் அலம்பி, எடுத்த இடத்தில் கவிழ்த்துவிட்டுப் போவான். விமரிசனம் எழுதிய எல்லாரும் அந்தக் காட்சியைத்தான் சிலாகித்தார்கள். கண்ணால் பார்த்தது போல் இருக்கிறது என்று ஒருவர் எழுதினார்.

கண்ணால் பார்த்ததுதான். ஆனால் அது மாமா வீட்டில் நடக்கவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது, 1998-ல். கொடுத்தது என் பாட்டி. வந்தவன் என் நண்பன்.

மாமா புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து என் வாதங்களை எல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டேன். அவர் உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார், குடித்தார். பிறகு, "கதை நன்னாத்தான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த டம்ளர் எங்காத்து டம்ளர் இல்லையேப்பா?" என்றார்.

என்னிடம் பதிலில்லை. "நான் திண்ணைல உக்காந்து பார்த்துண்டுதானே இருந்தேன். உன் சிநேகிதன் அலம்பி வெச்சுட்டுப் போனான். நீ பக்கத்துலயே உக்காந்து காப்பி குடிச்சிண்டிருந்தே. உனக்கு உள்ள இருந்து வந்த டம்ளர்" என்றார்.

இதுதான் நடந்தது. நண்பனோடு நானும் திண்ணையில் உட்கார்ந்தேன். உள்ளே போகாமல் அவனோடு உட்கார்ந்ததே பெரிய புரட்சி என்று அன்று எண்ணம். இரண்டு டம்ளருக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது, வாயைத் திறக்கவில்லை. பாட்டியோடு சண்டை போட வேண்டுமே என்ற சங்கடம். பதிமூன்று வருஷம் கழித்து அந்த மௌனத்தைக் கதையாக்க உட்கார்ந்தபோது, கை தானாகவே அதைத் தூக்கி அடுத்த வீட்டில் வைத்துவிட்டது. நாவலில் வரும் பிள்ளை தகப்பனாரை எதிர்த்து ஒரு பக்கம் பேசுகிறான். அது நான் பேசாதது.

கதை என்றால் இடம் மாற்றுவதுதான், அதில் என்ன பாவம் என்று நண்பர்கள் சமாதானம் சொன்னார்கள். நியாயமான சமாதானந்தான். ஆனால் நான் எதை மாற்றினேன் என்று பார்க்க வேண்டும். பாத்திரங்களின் பெயரை, ஊரை, காலத்தை மாற்றினால் அது கதைக்காக. பழியை மட்டும் எடுத்து எனக்குப் பிடிக்காத கொள்கைக்காரர் வீட்டு மாடத்தில் வைத்தால் அது யாருக்காக? நம்முடைய அரசியல் நாவல்களில் பெரும்பாலானவற்றின் வியாதி இதுதான் என்று அதற்குப் பிறகுதான் எனக்குத் தென்பட ஆரம்பித்தது. எதிர்க்கொள்கைக்காரனுக்கு அபிப்பிராயங்களைக் கொடுக்கிறோம். நமக்கு வேண்டியவனுக்கு மனச்சாட்சியைக் கொடுக்கிறோம். நம் ஆள் தடுமாறுவான், இரவில் தூக்கம் வராமல் புரளுவான். மற்றவன் தூங்குவதே இல்லை, பேசிக்கொண்டே இருப்பான். முற்போக்கு நாவல், தேசிய நாவல், திராவிட இயக்க நாவல் என்று இதில் பேதமில்லை. இதற்கு நேர்மாறான பொய்யும் ஒன்று இருக்கிறது. அக்கிரகாரத்தில் எல்லாரும் நல்லவர்கள், அசட்டுத்தனமாக ஆசாரம் பார்ப்பார்கள், மற்றபடி தங்கமானவர்கள் என்று நெய் மணக்க எழுதுவது. அந்தக் கதைகளில் டம்ளரே வராது.

இங்கே திருச்சி ஜில்லாவின் மனிதர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர். லண்டனுக்கு பாரிஸ்டர் படிப்புக்குப் போய், இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோடு சேர்ந்தவர். பிரிட்டிஷ் ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் பட்டத்தை விட்டவர். 1910-ல் மாறுவேஷத்தில் தப்பிப் புதுச்சேரிக்கு வந்தவர். துப்பாக்கியை நம்பிய மனிதர் பிற்பாடு காந்தியிடம் வந்தார். தமிழ்ச் சிறுகதைக்குப் பிதா என்று நாம் எல்லாரும் சொல்லிக்கொள்கிறோம். இவர் 1922-ல் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் நடத்தினார். காங்கிரஸ் பணம் கொடுத்தது. அங்கே இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். பெற்றோர்கள் அப்படிக் கேட்டார்கள், ஐயர் இணங்கினார். அவருக்கே அந்த ஆசாரத்தில் நம்பிக்கை இருந்ததா என்றால் இல்லை. கடல் கடந்து வெள்ளைக்காரன் ஊரில் வருஷக்கணக்காக இருந்தவர். ஆனால் இணங்கினார்.

அந்த இரண்டு இலைகளிலிருந்து எழுந்த சண்டை சின்னதல்ல. வரதராஜுலு நாயுடு எதிர்த்தார், ஈ.வெ. ராமசாமி எதிர்த்தார். காந்தி வரைக்கும் பஞ்சாயத்து போயிற்று. ஐயர் குருகுலத் தலைமையை விட்டு விலகினார். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டார். அந்த வருஷக் கடைசியில் காஞ்சீபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். வெளியேறியதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எங்கள் ராஜகோபுரத்துக்கு எதிரே நிற்கும் சிலையிலிருந்து பின்னோக்கி நடந்தால், வழியில் அந்த இரண்டு தனி இலைகளைத் தாண்டாமல் போக முடியாது.

ஐயரைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். அவர் பக்கத்தார் குருகுல விவகாரத்தைக் கால் பக்கத்தில் தாண்டிவிடுகிறார்கள். எதிர்ப் பக்கத்தார் அந்தக் கால் பக்கத்தை மட்டும் எழுதுகிறார்கள். இணங்கின அந்தப் பொழுதை யாராவது எழுதியிருக்கிறார்களா? பெற்றோர் வந்து உட்கார்ந்து கேட்கும்போது, துப்பாக்கிக்குப் பயப்படாத ஒரு மனிதருக்கு முகத்துக்கு நேரே மறுக்க ஏன் வாய் வரவில்லை என்பதை? எனக்கு அந்த இடந்தான் கதை. பாட்டியின் எதிரே எனக்கு ஏன் வாய் வரவில்லை என்பதும் அங்கேதான் இருக்கிறது. (ஐயரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்கிறேன் என்று யாரும் எழுதவேண்டாம். கோழைத்தனத்தில் மட்டும் ஒப்பிடுகிறேன்.)

இந்தியா ஹவுஸில் ஐயரோடு பழகிய ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் உண்டு, டாக்டர் தி.சே.சௌ. ராஜன். 1930 ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜியின் வேதாரண்யம் உப்பு யாத்திரை கிளம்பியது திருச்சியில் இவருடைய வீட்டிலிருந்துதான். பிற்பாடு ராஜாஜி மந்திரிசபையில் சுகாதார மந்திரியாக இருந்தார். ஐயரின் சரித்திரத்தையும், 'நினைவு அலைகள்' என்ற தன் சுயசரிதத்தையும் எழுதினார். லண்டனில் பயங்கரவாதிகள் சகவாசம், திருச்சியில் காந்தி குல்லாய், பிறகு மந்திரி பதவி. ஒரே மனிதருடைய அரசியலே இத்தனை வீடு மாறும்போது, அடுத்த வீட்டுக்காரருடைய அரசியலை ஒரே வாக்கியத்தில் பூட்டி வைக்க நாவலாசிரியனுக்கு என்ன அதிகாரம்?

நாவலில் இதைச் செய்து காட்டியவர் அசோகமித்திரன். 1977-ல் வெளிவந்த 'பதினெட்டாவது அட்சக்கோடு' எங்கள் ஊர்க் கதையல்ல. செகந்திராபாத், நிஜாம் ராஜ்யத்தின் கடைசி நாட்கள். சந்திரசேகரன் என்ற தமிழ்ப் பையன். பக்கத்தில் முஸ்லிம் குடும்பங்கள். தண்ணீர்க் குழாய், கிரிக்கெட், மாடு என்று போய்க்கொண்டிருக்கிற வாழ்க்கைக்குள் ரஜாக்கர், சத்தியாக்கிரகம் எல்லாம் நுழைகின்றன. அந்த நாவலில் யாரும் தன் கொள்கையை விளக்கிப் பிரசங்கம் செய்வதில்லை. கடைசியில் அந்தப் பையன் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது அங்கே பயந்து நடுங்குகிற குடும்பம் இருக்கிறது. அவர்களைக் காப்பாற்ற ஒரு பெண் செய்யத் துணிகிற காரியம் இருக்கிறது. தான் எந்தப் பக்கத்து ஆள் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிகிறது, குமட்டலோடு. பழியை ஆசிரியர் அடுத்த வீட்டுக்குத் தள்ளவில்லை. தன் கதாநாயகன் தலையில் வைத்தார். இருபது வயதில் இதைப் படித்தபோது 'சம்பவம் குறைச்சல்' என்று நினைத்து மூடி வைத்தேன். மாமா வந்துபோன பிறகு மறுபடி எடுத்தேன்.

துர்கனேவ் 1862-ல் 'தந்தையரும் தனயரும்' வெளியிட்டபோது பழமைக்காரர்களும் திட்டினார்கள், புதுமைக்காரர்களும் திட்டினார்கள் என்பார்கள். இரண்டு பக்கமும் திட்டினால் எழுதியது சரி என்று நம் எழுத்தாளர்கள் இதை வைத்து மார் தட்டுவது உண்டு. அப்படி ஒன்றும் இல்லை. மோசமாக எழுதினாலும் இரண்டு பக்கமும் திட்டும். எனக்குத் தெரியும்.

ஆகவே தஞ்சாவூர் அம்மையாருக்கு என் பதில்: அந்த நான்கு நாவல்களில் நான் மறைந்துகொண்டது பக்குவமும் அல்ல, நீங்கள் நினைக்கிற பயமும் அல்ல. வெட்கம். மறுபடி தப்பான வீட்டில் டம்ளரை வைத்துவிடுவேனோ என்று, டம்ளர் வருகிற இடத்துக்கே போகாமல் எழுதிக்கொண்டிருந்தேன். அதனால் எல்லாரும் நியாயம் பேசினார்கள். அதுவும் ஒரு குறைதான். நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

மாமாவும் நானும் ஒத்துப்போய்விட்டோம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் சண்டை அப்படியே இருக்கிறது. எல்லாச் சாதியாரும் அர்ச்சகராகலாம் என்று 2006-ல் அரசாணை வந்து, அடுத்த வருஷம் பயிற்சிப் பள்ளிகள் திறந்தபோது ஸ்ரீரங்கத்திலும் ஒன்று திறந்தார்கள். 2023-ல் அங்கே மூன்று பெண்கள் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். பேப்பரைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. "பாஞ்சராத்ரம் ஒரு வருஷப் படிப்பில்லை" என்றார். "பிறந்தாலே வந்துடற படிப்பா?" என்று கேட்டேன். "அதுவும் இல்லை. எம் பிள்ளைக்கு வரலையே!" என்றார். பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறான். அவன் பூஜைக்கு வரவில்லை என்ற துக்கம் அவருடைய கொள்கைக்குள் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாமலே ஒரு நாவல் முழுக்க அவரைக் கொள்கையாக எழுதியிருக்கிறேன். இதைக் கேட்ட பிறகும் அவர் சொல்வது தப்பு என்றுதான் நினைக்கிறேன். அதையும் அவரிடமே சொன்னேன். "உன் சர்க்கார் கணக்குதானே பாக்கலாம்னே, இப்போ பள்ளிக்கூடம் வெச்சா மட்டும் இனிக்கறதோ?" என்று திருப்பினார். அதற்கு இன்னும் எனக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை.

பொன்மலைக்காரர் போய்விட்டார். எலெக்ட்ரிக் கடை இப்போது மகன் கையில். அவன் கட்சி எது என்று தெரியவில்லை, கேட்டால் சிரிக்கிறான். நண்பனுக்கு அந்த நாவல் வந்தவுடனே ஒரு பிரதி அனுப்பினேன். அவன் பதில் எழுதவில்லை. போனில் பேசும்போதெல்லாம் குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறோம்.

முதல் நாவலுக்குப் புதிய பதிப்பு போடலாம் என்று பதிப்பாளர் கேட்கிறார். போடுவதானால் அந்த அத்தியாயத்தை எழுதிய வீட்டிலிருந்து நடந்த வீட்டுக்கு மாற்ற வேண்டும் என்றேன். சிலாகிக்கப்பட்ட இடத்தில் கை வைப்பானேன் என்கிறார். மாற்றத்தான் போகிறேன். அதற்காக மாமாவிடம் இருக்கும் பிரதியைக் கேட்டேன். ஓரங்களில் பென்சிலால் நிறையக் குறித்து வைத்திருக்கிறார் என்று அவர் பேத்தி சொன்னாள். இரண்டு தடவை கேட்டாயிற்று. "இன்னும் படிச்சு முடிக்கலை" என்கிறார்.